சொசைட்டியா, பேங்க்கா? மலையில் கணக்குத் தொடங்கும்போது செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் "பேங்க்குக்குப் போயிட்டு வரேன்" என்றால் எந்த பேங்க் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பஜாரில் இருக்கும் தேசிய வங்கியாகவும் இருக்கலாம், மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் கிளையாகவும் இருக்கலாம், ஊர் முக்கில் உரமும் கொடுத்து நகைக்கடனும் கொடுக்கிற சொசைட்டியாகவும் இருக்கலாம். எல்லா இடத்திலும் பாஸ்புக் கொடுக்கிறார்கள், பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வட்டி போடுகிறார்கள். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். முதல் தவறு, பெரிய தவறும் கூட, இதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் எஸ்டேட்டில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வந்த ஆறு லட்சத்தையும் சொசைட்டியில் டெபாசிட் போட்டிருந்தார். "ஏன்க்கா மொத்தத்தையும் அங்கேயே போட்டீங்க?" என்று கேட்டேன். "பேங்க்னுதானே தம்பி போர்டுல போட்டிருக்கு" என்றார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். சாயம் போன பச்சை அட்டையில் "தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம்" என்று அச்சாகியிருந்தது. வாசலில் தொங்கிய பழைய போர்டில் மட்டும் "கூட்டுறவு வங்கி". அக்கா பார்த்தது போர்டை. பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்வது அட்டையில் இருக்கும் பெயர்.

வித்தியாசம் என்ன? ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளில் போடும் பணத்துக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு, அதாவது வங்கி மூழ்கினாலும் ஒரு வரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கும். 2020 பிப்ரவரியில் இருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை. அதற்கு முன் பல வருடங்களாக 1 லட்சம்தான். தேசிய வங்கி, தனியார் வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி, மத்திய கூட்டுறவு வங்கி எல்லாமே இதில் வரும். ஊர் சொசைட்டி, அதாவது தொடக்க வேளாண்மை கடன் சங்கம், இதில் வராது. அது கூட்டுறவுத் துறையின் கீழ் இயங்குவது. ரிசர்வ் வங்கி அதற்கு உரிமம் கொடுப்பதில்லை. சட்டப்படி அது தன் பெயரில் "வங்கி" என்று போட்டுக்கொள்ளவே கூடாது. இப்படிப் பெயர் வைத்துக்கொள்ளும் சங்கங்களைப் பற்றி 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே மக்களை எச்சரித்தது. சொசைட்டி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. அக்காவின் பணத்துக்கு எதுவும் ஆகவில்லை. தவணை முடிந்ததும் நான்கு லட்சத்தை வேறு இடத்துக்கு மாற்றினார், இரண்டு லட்சம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாழ்நாள் சேமிப்பை வைக்கும்போது இது தெரிந்து வைக்க வேண்டும், தெரியாமல் வைக்கக் கூடாது.

இந்த 5 லட்சத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஒரே வங்கியின் ஊட்டி கிளையில் மூன்று, குன்னூர் கிளையில் மூன்று என்று பிரித்து வைத்தாலும் அது ஒரே கணக்காகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். பிரிப்பதென்றால் வேறு வேறு வங்கியாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் நாலரை லட்சத்தோடு நிறுத்தினால் வட்டிக்கும் இடம் இருக்கும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம். "இங்கே கிரெடிட் யூனியனில்தான் கணக்கு வைத்திருக்கிறேன், நம்ம சொசைட்டி மாதிரிதான்" என்று அமெரிக்காவில் இருந்து மகன் சொல்வான். உறுப்பினர்களே சொந்தக்காரர்கள் என்ற வரைக்கும் சரி. ஆனால் அங்கே அரசு காப்பீடு பெற்ற கிரெடிட் யூனியனில் ஒருவரின் 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு உண்டு, வங்கிக்கு என்ன உண்டோ அதே அளவு. அவன் அந்த நம்பிக்கையில் சொல்வதை நம்மூர் சொசைட்டிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இங்கே அதற்கு நெருக்கமான பாதுகாப்பு வேண்டுமென்றால், கூட்டுறவிலேயே மத்திய கூட்டுறவு வங்கி இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ சொசைட்டியே வேண்டாம்" என்று உறுப்பினர் பங்கைத் திருப்பி வாங்குவது அடுத்த தவறு. அரை ஏக்கர் தேயிலையோ, கொஞ்சம் கேரட், பூண்டோ வைத்திருப்பவருக்கு சொசைட்டி போல உதவுகிற இடம் வேறில்லை. பயிர்க்கடனைக் குறித்த நாளுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களில் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதே வருடம் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனுக்கும் தள்ளுபடி அறிவித்தது. தேசிய வங்கியில் அடகு வைத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே கடனுக்கும் உரத்துக்கும் சொசைட்டி, தினசரி வரவு செலவுக்கும் பெரிய சேமிப்புக்கும் உரிமம் உள்ள வங்கி அல்லது தபால் ஆபீஸ். என் வீட்டில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

சேமிப்புக் கணக்கை வட்டியைப் பார்த்து முடிவு செய்வதும் தவறுதான். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம், பெரிய வங்கிகளில் அதைவிடக் குறைவு. சரி, கணக்கில் சராசரியாக 20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீத வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 200 ரூபாய். அந்த 200 ரூபாய்க்காக, பஸ் ஏறி, மழையில் நின்று, "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலியும் போய்விடும். மலையில் முதலில் பார்க்க வேண்டியது வட்டி இல்லை, தூரம். உங்கள் பச்சை இலைக்கான பணத்தை தேயிலை ஃபேக்டரி எந்தக் கணக்கில் போடுகிறது, அந்தப் பணத்தை நடந்து போகும் தூரத்தில் எடுக்க முடியுமா, மண் சரிந்து ரோடு அடைத்தால் எடுக்க வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வேறு வழி கட்டாயம் வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதார் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் வசதி வந்தபோது எங்கள் ஊரில் பலருக்கும் சந்தோஷம். ஆனால் முப்பது வருடம் இலை பறித்த விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். அக்கா கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. அப்புறம் நடுவிரலில்தான் விழுந்தது. கைரேகையை மட்டும் நம்பி இருக்காமல் ஏ.டி.எம். கார்டும் வாங்கி வையுங்கள். நம் மாதிரி ஊர்களில் சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை, மற்ற வங்கி ஏ.டி.எம்.மில் ஐந்து முறை இலவசம். அதைத் தாண்டினால், 2025 மே மாதத்திலிருந்து ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள். ஐந்நூறு ஐந்நூறாக எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மினிமம் பேலன்ஸ் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். கணக்கில் இருப்பு அதற்குக் கீழே போனால் பிடிக்கும் அபராதத்தை ஸ்டேட் பேங்க் 2020-லேயே எடுத்துவிட்டது. 2025-ல் கனரா, இந்தியன் வங்கி போன்றவையும் எடுத்தன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு. எந்த வங்கியானாலும் "அடிப்படை சேமிப்புக் கணக்கு வேண்டும்" என்று கேளுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது, தர மறுக்கவும் கூடாது.

அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று தெரியாமல் இருப்பது பெண்களைத்தான் அதிகம் படுத்துகிறது. ஆதாரை எந்த வங்கியில் கடைசியாக மானியத்துக்காக இணைத்தீர்களோ, ஆதார் வழியாக வரும் பணம் அங்கேதான் போகும். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கும்போது படிவத்தில் ஒரு டிக் போட்டிருப்பீர்கள், அதோடு பணம் வழி மாறிவிடும். மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, மறந்துபோன பழைய கணக்கில் ஆயிரம் விழுந்து, அதில் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை வங்கி பிடித்துக்கொண்ட கதையை எத்தனை பேர் சொல்லி அழுதார்கள்! மை ஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று பார்த்தால் எந்த வங்கி என்று காட்டிவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

புகார் செய்யும் வழியையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேசிய வங்கியிலோ தனியார் வங்கியிலோ எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். சொசைட்டி என்றால் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகம். சொசைட்டியில் பணம் கட்டினால், கையால் எழுதும் பாஸ்புக்காக இருந்தால், தொகையும் இருப்பும் எழுதி இனிஷியல் போட்ட பிறகுதான் கவுன்ட்டரை விட்டு நகர வேண்டும். "புக்கை வெச்சிட்டுப் போங்க, அப்புறம் எழுதித் தரேன்" என்றால் ரசீதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய கணக்குகள். இரண்டு வருடம் நாமாக எதுவும் போட்டு எடுக்கவில்லை என்றால் வங்கிக் கணக்கு முடங்கிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே ஒரு பாஸ்புக் கிடந்தது. நாமினி என்ற இடம் காலி. அதற்காக வாரிசுச் சான்றிதழ் வாங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம், 2025 நவம்பரில் இருந்து. உங்கள் பாஸ்புக்கை இன்றைக்கே எடுத்து அந்த வரியைப் பாருங்கள். காலியாக இருந்தால், அடுத்த முறை பஜாருக்குப் போகும்போது முதலில் அதை நிரப்பிவிட்டுக் கடைக்குப் போங்கள்.