உறைந்த ஏரியில் தூண்டில்: சிம்கோ ஏரிக்கு முதல் தடவை ஐஸ் பிஷிங் போகிறவர்களுக்கு

"ஐஸ் பிஷிங் போகிறேன்" என்று ஸ்காபுறோவில் எங்கள் ஆட்களிடம் சொன்னால் வருகிற பதில் ஒன்றுதான்: "இந்தக் குளிருக்குள்ளையா? உனக்கென்ன விசரா?" ஒரு தடவை போய் வந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அடுத்த கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

கோடையில் எனக்குச் சிம்கோ ஏரி என்றால் கரை மட்டும்தான். நடு ஏரிக்குப் போக படகு வேண்டும், அதை இழுக்க வாகனம் வேண்டும், நிறுத்தி வைக்க இடம் வேண்டும். ஜனவரியில் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த தண்ணீர் நடக்கிற தரையாகிவிடுகிறது. படகு உள்ளவரும் இல்லாதவரும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் குளிர்காலம் என்றால் வேலை, வீடு, மறுபடி வேலை என்று ஐந்து மாதம் சுவருக்குள்ளேயே கழிகிறது. நடு ஏரியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையும் மேலே வெயிலுமாக நிற்கும்போது அந்த அடைப்பு விட்டுப் போகிறது. மீன் கிடைப்பது அதற்கு மேலே வருகிற சந்தோஷம்.

இது ஒன்ராறியோவில், குறிப்பாகச் சிம்கோ ஏரியில், எனக்குத் தெரிந்த முறை. ஸ்காபுறோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏரிக்கரை ஊரான கெஸ்விக்.

படி 1: முதலில் ஐஸை அறியுங்கள்

மற்ற எல்லாப் படிகளிலும் பிழை விட்டால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான். இதில் பிழை விடக்கூடாது.

தெளிந்த, நீலம் பாய்ந்த, கண்ணாடி மாதிரியான புது ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் இருந்தால்தான் ஒரு ஆள் நடக்கலாம். நான் 15க்குக் குறைந்தால் இறங்குவதில்லை. பனி விழுந்து, நனைந்து, திரும்ப உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான். அதனால் அங்கே தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். மார்ச்சில் சாம்பல் நிறமாகிச் சொதசொதவென்று கிடந்தால் கால் வைக்கவே வேண்டாம், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும்.

ஏரி முழுக்க ஒரே நேரத்தில் உறைவதில்லை. தெற்கில் ஆழம் குறைந்த குக்ஸ் பே முதலில் உறையும். பாரி நகரத்துப் பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடா 40 மீற்றர் வரை ஆழம்; அது பிந்தித்தான் உறையும். ஆற்று வாய், பாலத்தடி, ஒடுங்கிய நீரிணை என்று தண்ணீர் ஓடுகிற இடங்களில் ஐஸை நம்பவே கூடாது. ஒறில்லியாவுக்குப் பக்கத்தில் அதர்லி நரோஸ் என்ற ஒடுக்கம் இருக்கிறது. சிம்கோ ஏரித் தண்ணீர் அதன் வழியாகத்தான் அடுத்த ஏரிக்குப் போகிறது. ஏறக்குறைய 5000 வருடத்துக்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகள் அங்கே நீருக்குள் மரக்கம்பு நட்டு வேலி கட்டி மீன் பிடித்திருக்கிறார்கள். எங்கள் களங்கட்டி, பட்டி வலையை நினைத்துக்கொள்ளுங்கள். மீனை ஒரு ஒடுக்கத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த அதே ஓட்டம்தான் குளிர்காலத்தில் அங்கே ஐஸை மெல்லியதாக வைத்திருக்கிறது.

இன்னொன்று காற்று. பெரிய ஏரி என்பதால் பலத்த காற்றில் ஐஸ் நீளத்துக்கு வெடித்து, காலையில் நடந்து கடந்த இடம் மத்தியானம் தண்ணீராக விரிந்து கிடக்கலாம். பலமாகக் காற்றடிக்கும் என்று வானிலை சொன்னால் பயணத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளிவையுங்கள். சில வருடங்களில் குளிர்காலமே ஏமாற்றிவிடும். 2023–24 குளிர்காலம் அவ்வளவு சூடு. அந்த வருடம் ஏரியில் ஐஸ் ஒழுங்காகப் பிடிக்கவே இல்லை.

கழுத்தில் ஒரு சோடி ஐஸ் முள் தொங்கட்டும். இரண்டு கைப்பிடி, நுனியில் ஆணி, இடையில் கயிறு, அவ்வளவுதான் அந்தச் சாமான். உள்ளே விழுந்துவிட்டால் வந்த பக்கமே திரும்புங்கள், ஏனென்றால் அந்தப் பக்க ஐஸ்தான் உங்களைத் தாங்கிக்கொண்டு வந்தது. முள்ளை ஐஸில் குத்தி, நீந்துவதுபோலக் காலை உதைத்து, வயிற்றால் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள். குளிர்நீர் பற்றி ஆராய்ந்த மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு ஒரு நிலைக்கு வர. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் உங்கள் சொல் கேட்கும். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். விழுந்த உடனே செத்துப்போவோம் என்று பதறுகிறவர்கள்தான் முதல் நிமிடத்தில் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். பதறாதீர்கள், 10 நிமிடம் இருக்கிறது.

படி 2: லைசென்ஸ்

18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்கும் வேட்டைக்கும் மாகாணம் தருகிற அட்டை) மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். இணையத்திலேயே எடுக்கலாம். ஒன்ராறியோவில் இருக்கிற 18க்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 65 தாண்டிய அப்பா அம்மாவுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். பெப்ரவரியில் ஃபமிலி டே வருகிற வார இறுதியில் கனடாவில் வசிக்கிற எல்லாரும் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் எத்தனை மீன் எடுக்கலாம் என்ற வரம்பு அன்றைக்கும் உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு கணக்கு, அதனால் அந்த வருடத்து விதிகளைப் போகமுன் பாருங்கள்.

படி 3: முதல் தடவை கொட்டில் எடுங்கள்

சொந்தக் கூடாரம், துளை போடுகிற மெசின் எல்லாம் முதல் நாளே வாங்கத் தேவையில்லை. ஜோர்ஜினா, இன்னிஸ்ஃபில், பீவற்றன் பக்கங்களில் ஐஸுக்கு மேல் வைத்த மீன்பிடிக் கொட்டிலை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். துளை போட்டு, ஹீற்றர் பூட்டி, இரையும் தந்து, கரையிலிருந்து கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வருவார்கள். ஒவ்வொரு நாளும் ஐஸை அளக்கிறவர்களும் அவர்கள்தான். புது ஆளுக்கு அந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

சிலர் இன்னும் பழைய பொம்பார்டியே வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டிச் சக்கரம், வட்ட வட்ட ஜன்னல். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே 1937இல் காப்புரிமை எடுத்த வடிவத்தின் வழி வந்தது அது. எங்கள் பிள்ளைகளுக்கு மீனைவிட அந்தச் சவாரிதான் பெரிது.

கொட்டிலுக்குள் ஹீற்றர் எரியும்போது காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். போன வருடம் நாங்கள் போன கொட்டிலில் அது பனியால் அடைபட்டுக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பேருக்கும் தலையிடி. கதவைத் திறந்து வெளியே நின்ற பிறகுதான் தெளிந்தது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மின்கலத்தில் ஓடுகிற சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்று இப்போது என் பையில் எப்போதும் இருக்கும்.

படி 4: உடுப்பு

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடுப்பு, அதற்கு மேல் ஒரு தடித்த அடுக்கு, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். குளிர் ஐஸிலிருந்து காலுக்குத்தான் முதலில் ஏறும். இரண்டு சோடி சொக்ஸைத் திணித்துச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். ஒரு சோடி தடித்த கம்பளி சொக்ஸ், விரல் அசைகிற அளவுக்குப் பெரிய சப்பாத்து. வெறும் ஐஸில் சறுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டுகிற முள்ளும் எடுங்கள்.

படி 5: தூண்டிலும் இரையும்

முதல் குறி மஞ்சள் பெர்ச். மஞ்சள் உடம்பில் கரும்பட்டைகள், செம்மஞ்சள் செட்டை. கூட்டமாகத் திரியும், பகலில்தான் சாப்பிடும், வருடம் முழுக்கப் பிடிக்கலாம். லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் ஆழத்தில் இருப்பவை. அவற்றை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டடிக்குக் கொஞ்சம் கூடிய குட்டித் தடி, நாலு இறாத்தல் தாங்குகிற மெல்லிய நைலோன், சின்னத் தூண்டில் முள், அதில் ஒரு சின்ன மீன்குஞ்சு. இரை மீனைப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். மிஞ்சின இரையையும் அந்தத் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலோ ஊற்றக்கூடாது. வேறு இடத்து நோயும் உயிரினமும் ஏரிக்குள் வருகிற வழி அதுதான்.

ஐஸில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் இரண்டும் உங்களிடமிருந்து 60 மீற்றருக்குள், கண்பார்வையில் இருக்க வேண்டும்.

படி 6: துளை

கொட்டில் எடுத்தால் இது உங்கள் வேலையில்லை. வெளியே என்றால் 15 சென்ரிமீற்றர் அகலத் துளையிடு கருவி பெர்ச்சுக்குப் போதும். துளைத்து முடிய, கண் அகப்பை மாதிரியான கரண்டியால் ஐஸ் தூளை அள்ளுங்கள். அரைவாசியை விட்டுவிட்டால் நைலோன் அதிலேயே உறைந்து ஒட்டும்.

படி 7: ஆட்டுவதும் பொறுப்பதும்

தண்ணீருக்கு 4 பாகையில்தான் பாரம் கூட. அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறைய, பாரமான தண்ணீர் அடியில் தங்குகிறது. மீனும் அங்கேதான், அடியோடு, உடம்பு மந்தமாகி. அதனால் ஓடும் இரையைத் துரத்தாது. நூலில் பாரத்துக்குக் கட்டுகிற ஈயம் அடியில் முட்டும் வரை இறக்குங்கள், பிறகு ஒரு சாண் மேலே எடுங்கள். மணிக்கட்டை மட்டும் மெதுவாக இரண்டு தடவை உயர்த்தி இறக்கிவிட்டு அசையாமல் பிடியுங்கள். மீன் கடிப்பது ஆட்டும்போது இல்லை, நிறுத்தின பிறகுதான்.

இதை நான் கண்ணால் கண்டு படித்தேன். கொட்டில் ஜன்னலை மாமா தன்னுடைய ஜாக்கெட்டால் மூடினார். உள்ளே இருட்டானதும் துளை பச்சையாக வெளிச்சம் விட்டது. வெயில் பனியையும் ஐஸையும் ஊடுருவி ஏரிக்குள் இறங்கியிருக்கிறது. நாலு மீற்றர் ஆழத்தில் மணலும் பாசித் துண்டும் தெரிந்தன. முழங்காலில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்ச் ஒன்று வந்து இரைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. செட்டை மட்டும் அசைந்தது. நான் தடியை ஆட்ட அது பின்வாங்கியது. "ஆட்டாதை தம்பி, பொறு" என்றார் மாமா. நிறுத்தினேன். அது திரும்ப முன்னே வந்து, வாயைத் திறந்து, இரையை உள்ளே உறிஞ்சியது. கையில் வந்தது பெரிய இழுப்பே இல்லை, நூலில் யாரோ ஒரு தட்டுத் தட்டின மாதிரி. நான் வெட்டி இழுத்தேன். முள் வெறும் முள்ளாக மேலே வந்தது. "மெல்ல உயர்த்து, காணும்" என்றார்.

அந்தத் தட்டுக்காகத்தான் இவ்வளவு பேர் விடியப்புறம் எழும்பி வருகிறார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில்தான் கதை நடக்கும். ஊரில் சித்தப்பா கரைவலை இழுத்த கதை, மாமா இந்த நாட்டுக்கு வந்து பாத்திரம் கழுவின முதல் குளிர்காலம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருநாளும் வெளிவராத விசயம் எல்லாம் அங்கே வந்துவிடும். இரண்டு பேரும் துளையைப் பார்த்துக்கொண்டு பேசுவதால், முகம் பார்த்துச் சொல்ல முடியாததும் சொல்லுப்படுகிறது. பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி, ஹீற்றரில் சூடாக்கின ரொட்டி, கட்டைச் சம்பல். இடையில் ஐஸ் முழங்கும். நீளமாக, தூரத்திலிருந்து ஓடி வந்து காலடியால் போகிற சத்தம். குளிரில் ஐஸ் விரிந்து சுருங்குவதால் வருவது அது. முதல் தடவை கேட்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

இருபது நிமிடம் ஒரு தட்டும் இல்லையென்றால் ஆழத்தை மாற்றுங்கள், அல்லது அடுத்த துளைக்குப் போங்கள். காலையும் பின்னேரமும் பெர்ச் நன்றாகக் கடிக்கும். ஒன்று வந்தால் உடனே திரும்ப இறக்குங்கள், கூட்டம் கீழே நிற்கிறது.

படி 8: எடுப்பதும் கொண்டுபோவதும்

பெர்ச்சின் முதுகுச் செட்டை முள், செவுள் ஓரம் கத்தி. தலைப்பக்கமிருந்து கையை வழித்துச் செட்டையை மடக்கிப் பிடியுங்கள். சிறியதைக் கையுறையைக் கழற்றி ஈரக்கையால் எடுத்து உடனே விடுங்கள். ஐஸில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் கண்ணும் செவுளும் உறைந்துவிடும். வைத்திருப்பதை ஏரியில் துண்டு போடாமல் முழுசாகவே கொண்டு வாருங்கள். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்து எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

இருட்டமுன் வெளிக்கிடுங்கள். வெளியே போட்ட துளையில் ஒரு மரக்கிளையை நட்டுவிட்டு வாருங்கள், பின்னால் வருகிறவரின் கால் அதில் போகாது. குப்பையில் ஒரு துண்டும் அங்கே கிடக்கக்கூடாது. ஐஸ் கரைந்தால் அது நேரே ஏரிக்குள்தான்.

வீட்டில் செதிலோடு தோலை உரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். குளிர்நீர் மீன், சதை இறுக்கமாக இனிக்கும், அதனால் தூள் கூடப் போடாதீர்கள். எண்ணெய் நன்றாகக் கொதித்ததும் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.