78 புள்ளி எடுத்த பொடியனுக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை: கற்றல் பேறுகளைக் கணிப்பிடுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் என்னிடம் அவுட்போர்ட் எஞ்சின் (படகின் பின்பக்கம் பூட்டுகிற எஞ்சின்) திருத்தம் படித்த ஒரு பொடியன் எழுத்துப் பரீட்சையில் 78 புள்ளி எடுத்தான். அவனை வேலைக்குச் சேர்த்த சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஒரு மாதத்தில் எனக்குக் கோல் எடுத்தார். "சேர், பொடியன் எல்லாம் வடிவாச் சொல்றான், ஆனா எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதில்லையே." பிழை என்னுடையது. படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொன்னேன், குறித்தான். பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

திருகோணமலையில் ஏதாவது பயிற்சி நிலையத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் 1901 முதல் நடக்கும், கம்யூனிட்டி கொலிஜ் எனப்படும் இரண்டு வருடக் கல்லூரிகளும் இதே தலையிடியோடுதான் இருக்கின்றன. பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றார்கள் என்பதற்கு அங்குள்ள தரச்சான்று அமைப்புகள் ஆதாரம் கேட்கின்றன.

முதல் வேலை, ஒரு கற்றல் பேற்றை, அதாவது படித்து முடித்தவர் என்ன செய்துகாட்டுவார் என்பதை, எழுதுவது. ஒன்றே ஒன்று போதும். "எஞ்சினைப் பற்றி விளங்கிக்கொள்வர்" என்று எழுதாதீர்கள், விளங்கியதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. "ஸ்டார்ட் ஆகாத, அல்லது ஓடி நின்றுவிடும் எஞ்சினில் பழுது எரிபொருள் பக்கமா, தீப்பொறிப் பக்கமா என்று 20 நிமிடத்துக்குள் சோதித்துக் காட்டி, காரணம் சொல்வார்" என்று எழுதினால் பார்க்கலாம், அளக்கலாம். 1956இல் அமெரிக்கக் கல்வியியலாளர் புளூமின் குழுவினர் வகுத்து, 2001இல் திருத்தப்பட்ட சிந்தனைத் திறனின் ஆறு படிகளில் நினைவுகூர்தல் அடிப்படி. எங்கள் வினாத்தாள்களில் பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் தொழிலுக்குத் தேசியத் தேர்ச்சி நியமம் இருந்தால் அதை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள், என்விகியூ எனப்படும் தேசியத் தொழிற்தகைமையின் மட்டங்கள் ஏழும் தேர்ச்சியை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

சரி, அடுத்தது செயல். நான் மூன்று எஞ்சின்களில் வேண்டுமென்றே பழுது வைப்பேன். ஒன்றில் தீப்பொறி தரும் பிளக்கின் இடைவெளியை அமத்திவிடுவேன், இன்னொன்றில் எஞ்சினை அவசரமாக நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பைக் கழற்றிவிடுவேன், மூன்றாவதில் எரிபொருள் எண்ணெய்த் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகை இறுக்கி மூடிவிடுவேன். இந்த மூன்றாவதுதான் பொல்லாதது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது என்று யோசிப்பவனுக்குத்தான் பிடிபடும், மனப்பாடம் செய்தவன் நேரே காபரேட்டரைக் கழற்றத் தொடங்குவான். கேள்வியை வாயால் கேளுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது திருத்த வேலையை அல்ல, வாசிப்பை.

இதே செயலை முதல் நாளும் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். திருக்கடலூர், சல்லி போன்ற மீனவக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு அப்பாவோடு கடலுக்குப் போன பழக்கம் இருக்கும். அவர்கள் கொண்டுவந்த அறிவை எங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது, இல்லையா?

பிறகு புள்ளித் திட்டம். நான்கு மட்டம் போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் "நல்லது", "சுமார்" என்று போடாமல், என்ன செய்தால் அந்த மட்டம் என்று எழுதுங்கள். 1: கண்டபடி கழற்றுகிறார். 2: சோதிக்கிறார், ஆனால் ஒழுங்கு இல்லை. 3: ஒழுங்காகச் சோதித்துப் பழுதைக் கண்டுபிடிக்கிறார். 4: கண்டுபிடித்து, ஏன் அது என்பதையும் விளக்குகிறார். இன்னொரு போதனாசிரியரையும் கூப்பிட்டு, அதே மாணவரைத் தனித்தனியாகப் பார்த்துப் புள்ளி போடுங்கள். நீங்கள் 2, அவர் 4 என்றால் மாணவரில் பிழை தேடாதீர்கள், உங்கள் வசனத்தைத் திருத்துங்கள். நானும் ஒரு நண்பரும் "ஒழுங்காக" என்ற ஒரு சொல்லுக்காகவே இரண்டு பிளேன்டீ குடித்து முடித்தோம்.

"விளங்கினதா?" என்று வகுப்பில் கேட்பதைக் கணிப்பீடாக எடுக்க வேண்டாம். எல்லோரும் "ஓம் சேர்" என்றுதான் சொல்வார்கள்.

இனித்தான் முக்கியமான இடம். ஒரு அட்டவணை போடுங்கள்: குறுக்கே மாணவர், நெடுக்கே மூன்று பழுதுகள். வழமையாக நாங்கள் குறுக்கே கூட்டி, இன்னாருக்கு இவ்வளவு புள்ளி என்று முடித்துவிடுவோம். இந்த முறை நெடுக்கே எண்ணுங்கள். உதாரணத்துக்கு, 14 பேரில் பிளக் பழுதில் 12 பேர் மூன்றாம் மட்டம் அல்லது அதற்கு மேல், காற்றுத் திருகில் 4 பேர் மட்டும் என்று வந்தால், அந்த 10 பேரும் மக்குகள் என்று அர்த்தமில்லை, எண்ணெய் எப்படி ஓடுகிறது என்பதை நான் சரியாகப் படிப்பிக்கவில்லை. எத்தனை பேர் தேற வேண்டும் என்ற இலக்கைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் வந்த எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி இலக்கும் இறங்கிவிடும்.

அதன் பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நான் கரும்பலகைப் படத்தை விட்டுவிட்டு, தாங்கியையும் குழாயையும் மேசையில் வைத்து, திருகை மூடித் திறந்து, கை பம்பை ஒவ்வொருவரையும் அமத்திப் பார்க்கச் சொன்னேன். என்ன மாற்றினீர்கள், எந்தத் திகதி, எண்ணிக்கை எவ்வளவு என்று ஒரு சீஆர் கொப்பியில் குறித்துவையுங்கள். அடுத்த பிரிவுக்கும் அதே பழுதுகள், அதே புள்ளித் திட்டம், ஒரு சொல்லும் மாறக் கூடாது. ஆனால் எந்த எஞ்சினில் எந்தப் பழுது என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள், பழைய பொடியள் புதியவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.