கோழிக்குப் புரோபயாடிக் கொடுக்கிறீர்களா? முதலில் அதிலுள்ள நல்ல பாக்டீரியாவைச் சாகடிக்காமல் கொடுங்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணையில் பார்த்தது இது. காலையில் தொட்டித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதே தண்ணீரில் புரோபயாடிக் பொடியைக் கொட்டிக் குச்சியால் கலக்குகிறார் அண்ணன், குளோரின் நெடி மூக்கில் ஏறுகிறது. பொடியில் இருப்பது லாக்டோபேசில்லஸ், குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா. கெட்ட கிருமியைக் கொல்லும் குளோரின் இதை மட்டும் விட்டுவிடுமா? குளோரின் கலக்காத தண்ணீரில், கோழிகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும், வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து வையுங்கள்.

அடுத்தது நம்ம வேலூர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், பிரித்த பாக்கெட்டை மாதக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே உயிரோடு என்ன மிஞ்சும்? வாங்கும்போதே எந்த பாக்டீரியா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா, கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வித்து வடிவில் இருப்பதால் சூட்டைத் தாங்கும், சூடேற்றி அழுத்திச் செய்யும் பெல்லட் தீவனத்துக்கும் அதுதான் சரிப்படும்.

பலரும் கோட்டை விடுவது ஆரம்ப நாட்களில்தான். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு அதன் எச்சத்தையும் மண்ணையும் கிளறித் தின்றே நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் சேர்த்துக்கொள்ளும். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் ஏது? வெறும் குடலில் முதலில் யார் இடம் பிடிக்கிறார்களோ அவர்கள் ராஜ்யம், அது சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியாகவும் இருக்கலாம். அதனால் முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும், 25ஆம் நாள் எடை ஏறவில்லை என்று ஓடிப்போய் வாங்கினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஆன்டிபயாட்டிக் ஓடும்போது சேர்த்துக் கொடுப்பதும் பெரும்பாலும் வீண். மருந்து முடிந்த பிறகு கொடுங்கள், குடலுக்கு அப்போதுதான் அது அவசியம்.

அப்புறம், இது நோய்க்கு மருந்து இல்லை. ரத்தக்கழிச்சல் கண்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசிதான் வழி. தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் இருந்தும், தடுப்பூசி போடாமல் கொட்டகையோடு கோழியைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தண்ணீரில் கொடுக்கும் தடுப்பு மருந்துக்கும் குளோரின் ஆகாது.

கடைசியாக, கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். முதலில் ஒழுகுகிற தண்ணீர்க் குழாய் நிப்பிளைச் சரிசெய்து கூளத்தைக் கிளறி உலர்த்துங்கள், புரோபயாடிக் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.