‘பீக்’ ஆகிவிட்டதாக எழுதி உபகாரச் சம்பளம் கேட்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் படிவம் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். தமிழில் ‘உச்சம்’ என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. மலாயில் ‘புஞ்சாக்’, ‘கெமுஞ்சாக்’ இரண்டும் போதும். ஆங்கிலத்துக்கு வந்தால் சம்மிட், பீக், பினக்கல், ஏபெக்ஸ், ஜெனித் என்று வரிசை நீள்கிறது. அகராதி எல்லாவற்றுக்கும் ‘உச்சி’ என்றே பொருள் சொல்வதால், பளபளப்பாகத் தெரிகிற ஒன்றைப் பொறுக்கிக் கட்டுரையில் செருகிவிடுகிறார்கள். அந்த வயதில் நானும் இதே சொற்களைத்தான் இதே இடங்களில் செருகினேன்.

எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அவற்றுக்குக் கணினி சிவப்புக் கோடு போட்டுவிடும். அது கோடு போடாமல் விட்டுவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வளர்ச்சியைச் சொல்ல வந்து சரிவைச் சொல்வது

பொறியியல் படிக்க உபகாரச் சம்பளம் கேட்டு ஒரு மாணவன் விண்ணப்பக் கடிதம் எழுதினான். அறிவியலில் தன் ஆர்வம் ‘ஹேஸ் பீக்ட்’ என்று அதில் ஒரு வரி. முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஆர்வம் பொங்குகிறது என்று சொல்ல நினைத்திருக்கிறான். படிப்பவருக்குப் புரிவதோ வேறு: ஆர்வம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறி முடிந்தது, இனி இறக்கம்தான். நேர்காணலில் ஒருவர், “அப்படியென்றால் பல்கலைக்கழகத்துக்கு எதற்குப் போகிறீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பையனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. உதவி கிடைக்காததற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், கிடைத்த சில நிமிடங்களில் பாதி அதை விளக்கப் போய்விட்டது.

பெயர்ச்சொல்லாக நிற்கும்வரை பீக் சாது. வினையானதும் அதற்குள் ஒரு திருப்பம் வந்துவிடுகிறது: உச்சத்தைத் தொட்டாயிற்று, திரும்பியும் ஆயிற்று. கோவிட் தொற்று ‘பீக்’ ஆகிவிட்டது என்று செய்தியில் கேட்டபோது நாம் பெருமூச்சு விட்டது இதனால்தான். ரப்பர் விலை ‘பீக்’ ஆகிவிட்டது என்றால் சிறுதோட்டக்காரர் கையிருப்பை உடனே விற்கப் பார்ப்பார். விலைக்கும் நோய்க்கும் பொருந்துகிற இந்தச் சொல்லை, பதினேழு வயதுப் பிள்ளை தன் ஆர்வத்துக்கும் திறமைக்கும் சூட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தைத் தூண்டியது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்னொரு ‘பீக்’ இருக்கிறது. ஒலி அதே, எழுத்தில் நடுவே ‘கியூ’ வரும். காதால் கேட்டதை மலை உச்சியின் எழுத்துகளில் எழுதினால் கணினிக்கும் அது சரியான சொல். கடையில் விற்கும் மாதிரிக் கட்டுரைத் தொகுப்பொன்றிலேயே இந்தத் தவறு அச்சாகியிருந்தது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடமே வாதாடினார்கள்.

‘ஹேடே’ இன்னும் மோசம். பொற்காலம் போயே போய்விட்டது என்று அறிவிக்கிற சொல் அது. ஓய்வுபெற்ற பந்து வீரருக்கு எழுதலாம், உங்களுக்கு எழுதிக்கொள்ளாதீர்கள். ஆர்வம் வளர்ந்துகொண்டே போகிறது என்று சொல்ல ‘குரோ’ என்ற சாதாரண வினை இருக்கிறது. அதற்கு என்ன குறை?

அவசரகாலத்துக்கு மகுடம் சூட்டுவது

1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்கு அருகே தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதனால் இங்குள்ள பிள்ளைகள் அதைப் பற்றி ஆர்வமாக எழுதுவார்கள். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கொல்லப்பட்ட 1951இல் அவசரகாலம் தன் ‘பினக்கலை’ அடைந்தது என்று எழுதினாள் ஒருத்தி. ஆண்டு சரி, செய்தி சரி, சொல்தான் கொலை. பினக்கல் என்பது பாடுபட்டு எட்டிய சிறப்பு. அதில் பாராட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலைஞரின் புகழுக்குப் பொருந்தும், துப்பாக்கிச் சூட்டுக்குப் பொருந்தாது. இங்கே வேண்டியது ‘ஹைட்’. போர், பஞ்சம், கலவரம் கடுமையாக இருந்த கட்டத்தைச் சொல்ல ஆங்கிலேயர் அதைத்தான் எடுப்பார்கள். முட்டாள்தனத்தின் உச்சம் என்று திட்டுவதற்கும் அதுவே.

சம்மிட்டும் பீக்கும் ஒன்றென்று நினைப்பது

ஒரு மலைக்குப் பீக் பல இருக்கலாம். ஆக உயர்ந்த சம்மிட் ஒன்றுதான். சபாவிலுள்ள கினபாலு மலையைப் பாருங்கள். மேலே கூர்முனைகள் பல எழுந்து நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவற்றில் 4,095 மீட்டர் உயரமுள்ள லோவ்ஸ் பீக்கில் கால் வைத்தால்தான் சம்மிட்டை அடைந்ததாகக் கணக்கு. (1851இல் மலையேறிய ஹியூ லோ அந்த முனையைத் தொடவில்லை, 1888இல் தொட்டவர் ஜான் வைட்ஹெட். பெயர் மட்டும் லோவுக்கு.) நாட்டுத் தலைவர்கள் கூடுவதும் சம்மிட்தான். 1950இல் சர்ச்சில் ஒரு மேடைப் பேச்சில் எடுத்தாண்ட பிறகு அந்த வழக்கு நிலைபெற்றது. ஆசியான் பீக் என்று எழுதினால் ஏதோ ஒரு மலையைத் தேட வேண்டியிருக்கும்.

ஏபெக்ஸ் என்றாலே உயரம் என்று நம்புவது

ஒரு ரப்பர் இலையைப் பறித்துப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் குறுகிக் குறுகிக் கூர்மையாகி மண்ணைப் பார்த்துத் தொங்கும். தொங்குகிற அந்த நுனிக்கும் உயிரியலில் ஏபெக்ஸ் என்றே பெயர். இதயத்தின் ஏபெக்ஸும் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது. குறுகி முடிகிற முனை என்பதே முதற்பொருள். கூம்பு, கூரை, அதிகார அடுக்கு என்று மேலே போகப்போக ஒடுங்குகிற எதற்கும் இது பொருந்தும். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தை ஏபெக்ஸ் கோர்ட் என்பது அப்படித்தான். மகிழ்ச்சி ஒடுங்குவதில்லை. ஆகவே மகிழ்ச்சியின் ஏபெக்ஸ் வேண்டாம்.

ஜெனித்தை மலைமேல் ஏற்றுவது

ஜெனித் வானத்தில் இருக்கிறது, நேர் தலைக்கு மேலே. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் பகல் ஒன்றேகால் மணி வாக்கில் எங்கள் பள்ளித் திடலில் கொடிக்கம்பத்தின் நிழல் காணாமல் போகிறது. அப்போது சூரியன் இருப்பது அங்கே. பேரரசின் செல்வாக்குக்கு இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். குனோங் கோர்பு மலைக்குப் பொருந்தாது.

கிளைமாக்ஸ்

படத்தின் கடைசிக் காட்சிக்குப் பெயர் அதுவல்ல. பதற்றம் முற்றித் தெறிக்கும் இடம் அது. சுபம் போடுவது அதற்குப் பிறகு.

அக்மி

இதுவும் உச்சத்தைக் குறிக்கும் சொல்தான். படிக்கும்போது புரிந்தால் போதும். எழுத வேண்டாம்.