வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால்: மின்தடை, மின்திறன் கணக்கு

9 வோல்ட் பேட்டரியுடன் 100 ஓம் மின்தடையாக்கி ஒன்றைச் சேர்த்தேன், அரிசி மணி அளவே உள்ள, கால் வாட் வரை தாங்கும் வகை. சற்று நேரத்தில் தொட முடியாத சூடு. மேல்பூச்சு கருகும் வாடையும் வந்தது. ஓம் கணக்கில், அதாவது மின்தடைக் கணக்கில், பிழையில்லை. வாட் கணக்கை, அதாவது மின்திறன் கணக்கை, போடாமல் விட்டதுதான் தவறு. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

பழகுவதற்கு இரண்டு பேட்டரிகளில் எரியும் சிறிய டார்ச் பல்பு போதும். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

படி 1: அளவெடுங்கள்

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, மின் அளவுகளைக் காட்டும் கருவியான மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் பல்பின் இரு முனைகளில் வைத்தால் மின்னழுத்தம் தெரியும். மின்னோட்டத்தை அளக்கும் முறை வேறு. சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரை இணைக்க வேண்டும். ஓடும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகவே போக வேண்டும். ஆம்பியர் நிலையில் உள்ள மீட்டரை நேராகப் பேட்டரியின் முனைகளில் வைத்துவிடாதீர்கள். அந்நிலையில் அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து உள்ளிருக்கும் ஃப்யூஸ் போய்விடும்.

நமக்குக் கிடைத்தவை 2.8 வோல்ட், 280 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: மில்லியை மாற்றுங்கள்

1000 மில்லி ஆம்பியர் 1 ஆம்பியர். ஆகவே 280 மில்லி ஆம்பியர் என்பது 0.28 ஆம்பியர். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். மாற்றாமல் வகுத்தால் 0.01 ஓம் என்று விடை வரும். அது பல்புக்கு அல்ல, செம்புக் கம்பித் துண்டுக்குப் பொருந்தும் மதிப்பு.

படி 3: வகுத்தால் மின்தடை

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
2.8 ÷ 0.28 = 10 ஓம்

ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின் வழியே வந்த கணக்கு இது. இப்போது பல்பைக் கழற்றி, மீட்டரின் ஓம் நிலையில் நேரடியாக அளந்து பாருங்கள். 10 ஓம் வராது, அதில் ஒரு சிறு பங்கே காட்டும். மீட்டர் பழுதாகிவிடவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு; வெண்சூடேறினால் பல மடங்காகிவிடும். நாம் கணக்கிட்டது எரியும் பல்பின் மின்தடை. இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது.

படி 4: பெருக்கினால் மின்திறன்

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
2.8 × 0.28 = 0.784 வாட்

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு: மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்குங்கள். 0.28 × 0.28 × 10 = 0.784. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் முதலில் இரண்டாம் படியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி அந்தக் கருகிய மின்தடையாக்கிக்கு வருவோம். 9 ÷ 100 = 0.09 ஆம்பியர். 9 × 0.09 = 0.81 வாட். கால் வாட் தாங்கும் பொருளின் மேல் மூன்று மடங்குக்கும் அதிகமான சுமை! கணக்கில் வரும் வாட்டைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் வகையை வாங்குவது என் வழக்கம். இங்கே 2 வாட் வகை போதும். மின்னோட்டம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் 1000 ஓம் போடலாம். அப்போது 0.009 ஆம்பியர், 0.081 வாட், அதே சிறிய கால் வாட் வகையே சூடேறாமல் தாங்கும்.