லியரின் கோமாளியை வெட்டாதீர்கள்

சென்ற வாரம் இளைஞர் குழு ஒன்றின் ஷேக்ஸ்பியர் நாடகமான 'கிங் லியர்' ஒத்திகைக்குப் போயிருந்தேன். பிரதியில் அரசன் லியரின் அவைக் கோமாளியைக் காணோம். "நேரம் போதவில்லை, ஐயா" என்றார் இயக்குநர். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். லியரை மேடையேற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

கோமாளியை வெட்டுவது

மூன்று மணி நேர நாடகத்தை ஒன்றரை மணிக்குள் அடக்க வேண்டியிருந்தது. கதையை நகர்த்தாதவன் என்று கோமாளியை நீக்கிவிட்டு, அவன் வசனங்களில் சிலவற்றை அரசனின் விசுவாசமான பிரபு கென்ட்டுக்குக் கொடுத்தேன். மகள்கள் கைவிட்ட அரசன் வெட்டவெளியில் அலையும் புயல் காட்சியின் ஒத்திகையில் லியராக நடித்த மூத்த நடிகர் பாதியில் நின்றார். "நான் யாரிடம் பேசுகிறேன்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இன்னும் உரக்கப் பேசச் சொன்னேன். அரங்கேற்றத்தன்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். பார்வையாளர்கள் நெளிந்தார்கள்.

கொட்டும் மழையில் லியர் கோமாளியிடம், "குளிர்கிறதா, பிள்ளாய்?" என்று கேட்கிறான். அதுவரை தன் காயத்தையே பேசிவந்த அரசன் இன்னொருவன் குளிரை நினைக்கும் இடம் அது. குடிசைக்குள் அவனைத்தான் முதலில் போகச் சொல்கிறான். கூரையற்ற ஏழைகளை எண்ணி வருந்தும் பேச்சு அதன் பிறகே வருகிறது. கோமாளி இல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்கு வேர் இல்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று லியர் வாய்விட்டு அஞ்சுவதும் இவனுடைய விடுகதைகளுக்கு நடுவில்தான்.

1681இல் நாடகத்தைத் திருத்திய கவிஞர் நேஹம் டேட் கோமாளியைத் தூக்கி எறிந்தார். 1838இல் நடிகர் மக்ரெடி மீட்டெடுக்கும்வரை லண்டன் மேடையில் அவன் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு! இன்னமும் அதே கத்தரிக்கோலை எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1985இல் லியரைத் தழுவி 'ரான்' படம் எடுத்த ஜப்பானிய இயக்குநர் குரோசாவா மகள்களை மகன்களாக்கினார், கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். கோமாளியை மட்டும் விடவில்லை. கொசின்ட்சேவ் இயக்கிய ரஷ்ய லியர் படத்தில் இடிபாடுகளுக்கிடையே கடைசிவரை அவன் குழல் கேட்கிறது. நேரம் வேண்டுமா? போர்ச் செய்திகளைச் சுருக்குங்கள், கடிதங்களைச் சுருக்குங்கள்.

மூத்த மகள்களை முதல் காட்சியிலேயே அரக்கிகளாக்குவது

நூறு வீரர்களோடு தகப்பன் வந்து தங்கினால் எந்த மகளும் முகம் சுளிப்பாள். மூத்த மகள் கானரிலின் புகாரில் நியாயம் தெரியட்டும். அப்போதுதான் பின்னால் தகப்பனை வெளியே விட்டுக் கதவு சாத்தப்படும்போது நெஞ்சு பதறும்.

இன்ப முடிவு

அதையும் டேட் செய்துவிட்டார். போதும்.

இடியோசை

லியரின் சொல் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா? இடியை நிறுத்துங்கள்.