உரக்கடைக்காரன் சொல்கிறேன்: கோபம் தணியும்வரை என்ன செய்யலாம்?

காட்டுமன்னார்கோயில் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். மனநோய் எதுவும் இல்லாத, நேற்றுவரை களத்துமேட்டில் சிரித்துப் பேசிய ஆள்கூட ஒரு கோபத்தில், ஒரு அவமானத்தில் உயிரை விடத் துணிவதுண்டு. ‘அவன் அப்படிப்பட்ட ஆளில்லை’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அதுவரை ஆபத்தானது கைக்கு எட்டக் கூடாது.

முதலில் பூச்சிமருந்து. தெளிக்கத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பெரிய டப்பாவைத் தள்ளிவிட்டால் எனக்கு லாபம்தான், மிச்சம் கிடப்பது உங்கள் வீட்டில். அதைப் பூட்டுங்கள், சாவி இருக்குமிடம் வீட்டுக்கே தெரிந்தால் பூட்டி என்ன பயன்? வீட்டுக்கு வெளியே வைப்பது இன்னும் நல்லது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு பொது அறை கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப்பெட்டி கொடுத்தது. இலங்கையில் கொடிய மருந்துகளை அரசே தடைசெய்தது. 1995க்குப் பிறகு அங்கே தற்கொலைச் சாவு வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

அப்புறம் ஆள். சண்டை போட்டவர், குடித்திருப்பவர், தேர்வு முடிவு பார்த்து முகம் வாடிய பிள்ளை, யாராக இருந்தாலும் அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். புத்திமதி வேண்டாம். ‘செத்துப் போகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மிரட்டலாகச் சொன்னாலும் ‘போய்ச் செய் பார்ப்போம்’ என்று வீம்புக்குச் சொல்லாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், மருத்துவ உதவி எண் 104ம் உண்டு.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஒன்று. அறிமுகமில்லாத ஆள் கலங்கிய கண்ணோடு வந்தால், என்ன பயிர், என்ன பூச்சி என்று பேச்சுக் கொடுங்கள். பதில் தடுமாறினால் ‘சரக்கு இல்லைங்க, உட்காருங்க, டீ சொல்றேன்’. அவர் வீட்டு ஆட்கள் வரும்வரை அனுப்பாதீர்கள். ஒரு வியாபாரம் போனால் போகட்டும்.

மீறி யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் உடனே 108. சாணித் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே ஆபத்து. டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். கடும் மனஉளைச்சலில் இருந்தவராகவே கருதி, முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். பிழைத்து வந்தவரிடம் ஊர்ப்பேச்சைக் கிளறாதீர்கள், மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.